கையெழுத்துக்கு அவசரமில்லை, நகைக்குத்தான் அவசரம்

வாசகியின் கடிதம்:

"எனக்கு 34 வயது. கோவை மாவட்டம், சூலூர் பக்கம். கணவர் பம்ப் கம்பெனி ஒன்றில் 9 வருடம் சூப்பர்வைசராக இருந்தார். 4 மாதம் முன்பு ஒரு ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 8 வயதில் ஒரு மகள். மாமனார் பெயரில் உள்ள வீட்டில்தான் இருக்கிறோம். காரியம் முடிந்து அவர் பீரோவைத் திறந்தபோது அடகு ரசீதுகள் கிடைத்தன. லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்த என் 18 பவுன் நகையை அவர் பெயரில் அடகு வைத்து 4,20,000 வாங்கியிருக்கிறார். இன்னொருவர் புரோ நோட்டைக் காட்டி 2 லட்சம் வரவேண்டும் என்கிறார். கணவர் வாங்கிப்போட்ட 3 சென்ட் மனையை அத்தை (என் மாமியார்) பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் கொழுந்தனார். 'எப்படியும் பாப்பாவுக்குத்தானே வரப்போகுது' என்கிறார். ராத்திரி தூக்கமில்லை. சாயங்காலம் 7 மணிக்கு அவர் பைக் சத்தம் கேட்கிறது, வாசலுக்கு ஓடுகிறேன். பொட்டு வைத்தால் அத்தை முகம் சுளிக்கிறார். செத்துப்போனவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. இது பாவமா? பி.காம் படித்திருக்கிறேன், 10 வருடமாக வேலைக்குப் போகவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

அன்புச் சகோதரிக்கு,

பாவமா என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்களுக்கு நடந்தது இரண்டு. கணவரை இழந்தீர்கள். அவர் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் அதே மாதத்தில் உடைந்தது. முதலாவதுக்கு ஊரே வந்து உங்களோடு அழுதது. இரண்டாவதை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகச் சுமக்கிறீர்கள். கேள்வி கேட்க வேண்டிய ஆள் இல்லாதபோது கோபம் இறங்க இடமில்லாமல் நிற்கும், அது நிற்கிற வரை அழுகையும் வராது. இதைப் பற்றிக் கீழே இன்னும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் தேதி உள்ள விஷயங்களும் தேதி இல்லாத விஷயங்களும் கலந்து கிடக்கின்றன. துக்கத்துக்கும் கோபத்துக்கும் தேதி இல்லை. மனைக்கும் இல்லை. நகைக்கு இருக்கிறது. உங்களை எல்லோரும் அவசரப்படுத்துவதோ தேதியே இல்லாத மனை விஷயத்தில்தான்.

இந்த வாரமே செய்யவேண்டியது நகை. ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் வைத்த நாள், கெடு நாள், எடை, வட்டி விகிதம் இருக்கும். நகைக்கடனுக்குப் பெரும்பாலும் 12 மாதக் கெடுதான். கெடு தாண்டினால் நோட்டீஸ் விட்டு ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்த நோட்டீஸும் எஸ்எம்எஸ்ஸும் உங்கள் கணவரின் முகவரிக்கும் அவர் செல்போனுக்கும்தான் வரும். அதனால் அவர் சிம்மை எடுத்து வைத்துவிடாதீர்கள். குறைந்த பிளானில் ரீசார்ஜ் செய்து போனை உயிரோடு வைத்திருங்கள். தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் நம்பர் முடங்கி, பிறகு வேறு யாருக்காவது போய்விடும். பிஎஃப், வங்கி, ஆதார் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் வரும். பல பெண்கள் மாதக்கணக்கில் அலைவது இந்த ஒரு சிம்மை விட்டதால்தான்.

அடகு வைத்த இடத்துக்கு இறப்புச் சான்றிதழ் நகலோடு போய், கடன்தாரர் இறந்த செய்தியை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கே நிலுவை வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். நகையை மீட்கத்தான் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேட்பார்கள். வட்டியைப் பெரும்பாலும் யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்தால் 4,20,000-க்கு மாத வட்டி 4,200. இதைக் கட்டினால் ஏலம் தள்ளிப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியவில்லை என்றால், கொஞ்சம் நகையை மட்டும் விற்று மீதியைக் காப்பாற்ற முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். கடனைவிட நகையின் மதிப்பு பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். ஏலத்துக்கு விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். மீறி ஏலம் போனாலும் கடன், வட்டி, செலவு போக மிச்சப் பணம் வாரிசுகளுக்குச் சேரவேண்டும். அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். நகையை மீட்பதற்காக வெளியில் மீட்டர் வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள்.

பிறந்த வீட்டில் போட்ட நகையும் கல்யாணத்தில் உங்களுக்கு வந்த நகையும் சீதனம். அது முழுக்க உங்கள் சொத்து, கணவரின் சொத்தோடு சேராது. ஆனால் ரசீது அவர் பெயரில் இருப்பதால் மீட்கும்போது உங்கள் மாமியாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கல்யாண போட்டோ, நகைக்கடை பில் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். மாமியார் கையெழுத்து உங்களுக்கும் தேவைப்படுகிறது என்பதால் இந்த நேரத்தில் வீட்டில் சண்டை மூட்டிக்கொள்ள வேண்டாம். மறுக்க வேண்டியதை மறுக்கலாம், முறித்துக்கொள்ளாமல்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, திருமணத்துக்கான ஆதாரம் வேண்டும். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தார் வழங்குவார். மாமியார் பெயரை விடாமல் சேர்க்கவும். அவரும் சட்டப்படி முதல்நிலை வாரிசு. யாரையாவது மறைத்து வாங்கிய சான்றிதழ் ஒரு புகாரில் ரத்தாகிவிடும். இறப்புச் சான்றில் கணவரின் பெயர், இனிஷியல், தந்தை பெயர் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். ஒரு இனிஷியல் மாறியிருந்தாலும் பிஎஃப் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது மனை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் அவர் சொந்தச் சொத்து மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். இவர்கள் இருக்கும்போது அப்பாவுக்கும் தம்பிக்கும் பங்கு இல்லை. 3 சென்ட்டில் உங்களுக்கு 1, மகளுக்கு 1, மாமியாருக்கு 1. ஆக 2 சென்ட் உங்கள் கையில் இருக்கிறது. "எப்படியும் பாப்பாவுக்குத்தான் வரும்" என்பது சரியில்லை. மாமியார் பெயருக்கு முழுசாகப் போய்விட்டால், அவர் நினைத்த அன்று யாருக்கு வேண்டுமானாலும் செட்டில்மென்ட் எழுதலாம். அப்படி எழுதாமலே அவர் காலமானாலும், அது மாமனார், கொழுந்தனார், உங்கள் மகள், மற்றும் அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் என எல்லோருக்கும் பிரியும்.

இன்னொன்று. மகளின் பங்கை நீங்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. தந்தை இல்லாத நிலையில் தாய்தான் இயற்கைக் காப்பாளர், ஆனாலும் மைனரின் அசையாச் சொத்தை எழுதிக்கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் எழுதிய விடுதலைப் பத்திரத்தை, மகள் 18 வயதான பிறகு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். இதையே உங்கள் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்தனாரிடம் பேச வேண்டாம், அத்தையிடமே அமைதியாகச் சொல்லுங்கள்: "அத்தை, வருசம் திரும்பற வரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடறதா இல்லைங்க. பாப்பா பங்குக்குக் கோர்ட் அனுமதி வேணுங்களாம். உங்க பங்கு உங்களுக்குத்தானுங்க, அதுல நான் குறுக்க வரமாட்டேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவுக்கும் தன் எதிர்காலம் பற்றிய பயம் இருக்கும். அந்தப் பயத்தைத்தான் கொழுந்தனார் பேச்சாக மாற்றுகிறார் என்பது என் ஊகம். மனையின் அசல் பத்திரத்தை உங்கள் கைவசம் வையுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஒரு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள், அதன் மேல் பதிவான கடன் ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெற்றுத்தாள், "வங்கி விஷயமாக ஒரு கையெழுத்து", பத்திரப்பதிவு அலுவலகத்துக்குத் துணைக்கு வரச் சொல்வது, எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடம் என்று நான் சொல்வதற்குக் காரணம் சட்டம் இல்லை. தூக்கமில்லாத மனிதர் எடுக்கும் சொத்து முடிவு பெரும்பாலும், 'இந்தத் தொல்லை விட்டால் போதும்' என்ற முடிவாகத்தான் இருக்கும்.

வீட்டை விட்டுப் போகச் சொன்னால்? வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. கணவரை இழந்த பெண்ணுக்கும் அது பொருந்தும் என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் வழியில்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. அந்த உரிமை உங்களை வீட்டின் சொந்தக்காரராக ஆக்காது என்பதையும் மறக்க வேண்டாம். மிரட்டல் வந்தால் பெண்கள் உதவி எண் 181. வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி 15100. பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவிக்கு உங்களுக்குத் தகுதி உண்டு.

புரோ நோட்டுக்காரரிடம் பணம் பற்றி எதுவும் பேசுவதற்கு முன் நோட்டின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, கையெழுத்து, வட்டி, பின்பக்கத்து வரவு எழுத்து எல்லாவற்றையும் பாருங்கள். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலக்கெடு. இடையில் வரவு வைத்துக் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து கெடு புதிதாக ஓடும். பாவம் பார்த்து 5,000 கொடுத்துப் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். கணவரின் கடனுக்கு நீங்கள் சொந்தமாகப் பொறுப்பில்லை, கூட்டுக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர. அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. கடன் உண்மையானதாக இருந்தால் மனையின் மேல் கடன் கொடுத்தவர் உரிமை கோர முடியும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நாமினிக்கு வரும் பிஎஃப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது, சட்டமே அதைப் பாதுகாக்கிறது. கணவர் கொடுத்த செக் திரும்பினாலும் வாரிசு மேல் செக் மோசடி வழக்கு போட முடியாது. வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. போனில் கடன் ஆப் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் திரையை எல்லாம் படம் பிடித்த பிறகுதான் அழிக்க வேண்டும். மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930.

இனி உங்களுக்கு வரவேண்டிய பணம். இது பெரிய தொகை, நீங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இதைப் பற்றி எழுதவில்லை.

வேலையில் இருக்கும்போதே இறந்ததால் பிஎஃப் அலுவலகத்திலிருந்து மூன்று வகையில் வரும். சேர்ந்திருக்கும் பிஎஃப் தொகைக்குப் படிவம் 20, காப்பீட்டுக்கு 5 ஐஎஃப், பென்ஷனுக்கு 10 டி. மூன்றையும் ஒன்றாகவே கொடுக்கலாம். இறப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக் நகல், ஆதார், மகளின் பிறப்புச் சான்று வேண்டும். கம்பெனி கையெழுத்திட்டு அனுப்பும். எல்லாம் சரியாக இருந்தால் 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பலரும் படிவம் 20-ஐ மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், 5 ஐஎஃப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் காப்பீட்டின் கணக்கு இது: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளம், உச்சவரம்பு 15,000, அதன் 35 மடங்கு, அதாவது 5,25,000. கூடவே பிஎஃப் கணக்கின் சராசரி இருப்பில் பாதி, அதிகபட்சம் 1,75,000. மொத்தம் 7 லட்சம் வரை. 9 வருடம் வேலை பார்த்தவருக்கு இதில் பெரும்பகுதி கிடைக்க வாய்ப்புண்டு.

பென்ஷன் மாதம் குறைந்தது 1,000. மகளுக்குத் தனியாக அதில் 25 சதவீதம், 25 வயது வரை. இறந்த மறுநாளிலிருந்தே கணக்கு, ஆகவே தாமதமாக விண்ணப்பித்தாலும் நிலுவை வரும். பிஎஃப் நாமினேஷன் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் போட்டதை மாற்றாமல் விட்டிருந்தால், அது செல்லுமா என்று பிஎஃப் அலுவலகத்தில் எழுத்து மூலமாகவே கேட்டுவிடுங்கள். பென்ஷன் மட்டும், நாமினேஷன் எப்படி இருந்தாலும், மனைவிக்கும் பிள்ளைக்கும்தான்.

கம்பெனியிலிருந்து கிராஜுவிட்டி தனி. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருடத்தால் பெருக்க வேண்டும். 16,000 என்றால் 9 வருடத்துக்கு சுமார் 83,000. கூடவே கடைசி மாதச் சம்பளம், எடுக்காத லீவுக்கான பணம், குரூப் இன்ஷூரன்ஸ் உண்டா என்றும் கேளுங்கள். "உங்களுக்கு இங்கேயே வேலை போட்டுத் தருகிறோம்" என்று யாராவது ஆறுதலாகச் சொல்லலாம், நல்ல மனதோடே சொல்லலாம். அதற்காக "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில், பணம் கணக்குக்கு வருவதற்கு முன் கையெழுத்துப் போட வேண்டாம்.

கணவரின் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அது ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். வங்கிக் கிளையிலேயே கோரிக்கைப் படிவம் கொடுக்கலாம். 4 மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளாதீர்கள். 20 ரூபாய் பிடித்தம் என்றால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்குப் பொருந்தாது. வருடா வருடம் ஒரே மாதத்தில் போகும் மற்ற தொகைகளையும் குறித்துக்கொள்ளுங்கள், எல்ஐசி பாலிசி இருந்தால் அங்கேதான் தெரியும். அவர் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள். அவர் இறந்த பிறகு எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் நாளை கணக்குக் கேட்க மற்ற வாரிசுகளுக்கு உரிமை வந்துவிடும். நாமினி நீங்கள் என்றால் இறப்புச் சான்றும் உங்கள் அடையாளச் சான்றும் போதும், கணக்கை முடித்துத் தருவார்கள். வங்கி நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் போய்விடாது.

இவையெல்லாம் சேர்ந்து கணிசமான தொகை ஒரே நேரத்தில் உங்கள் கணக்கில் நிற்கும். அந்த வாரத்திலேயே உறவுகளும் ஏஜென்டுகளும் வந்துவிடுவார்கள். நகைக்கடனை முதலில் அடைத்துவிடுங்கள், அந்த வட்டிக்கு மேல் பாதுகாப்பாகச் சம்பாதித்துத் தரும் இடம் எதுவும் இல்லை. 6 மாத வீட்டுச் செலவை சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மீதியில் அஞ்சலக மாத வருமானத் திட்டம் உங்களுக்குப் பொருந்தும். தனிநபர் உச்சவரம்பு 9 லட்சம், 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 வரும். தொடங்கும் அன்றைய விகிதமே 5 ஆண்டுக்கும் நிற்கும். வங்கி டெபாசிட் போட்டால் ஒரே வங்கியில் வட்டியோடு 5 லட்சத்துக்கு மேல் வைக்காதீர்கள், காப்பீடு அவ்வளவுக்குத்தான். மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் 10 வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டும், வருடம் 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். சீட்டு, கைமாற்று, 'மாதம் 3 சதவீதம்' எதுவும் இந்த ஒரு வருடத்தில் வேண்டாம். யார் கேட்டாலும் "பாப்பா பேர்ல போட்டாச்சுங்க" என்ற ஒரே பதில் போதும்.

இப்போது உங்களைப் பற்றி. 7 மணிக்குப் பைக் சத்தம் கேட்பது மனம் பேதலித்ததன் அறிகுறி இல்லை. பல வருடம் ஒரே நேரத்தில் ஒரே சத்தத்துக்குப் பழகிய காது அது. துணையை இழந்தவர்களில் பலருக்குக் குரலோ காலடிச் சத்தமோ கேட்பதுண்டு, மெல்ல மெல்லக் குறையும். அந்த 7 மணியை வெறுமையாக விடாதீர்கள். அந்த நேரத்தில் மகளோடு கடைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்வாருங்கள். தூக்கத்துக்கு: ராத்திரி எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். பகலில் படுத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மதியம் 2 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்திருங்கள், போனை மட்டும் எடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் தூக்க மாத்திரையைப் போடாதீர்கள்.

துக்கத்துக்கு ஐந்து படி உண்டு என்று வாட்ஸ்அப்பில் வரும். அது முதலில், மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பற்றிச் சொன்னது. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தேட வேண்டாம். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் விவரித்ததுதான் நேரில் பார்ப்பதற்குப் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்தப் போய்வரவே தேறுதலின் வழி. தாலுக்கா ஆபீஸ் வரிசையில் நின்ற அன்று அவரை நினைக்கவே இல்லையே என்று குற்ற உணர்வு வேண்டாம். மறுநாள் அவர் சட்டையைப் பார்த்து உடைந்து போனால், 'திரும்பவும் பழையபடி ஆகிவிட்டேனே' என்ற பயமும் வேண்டாம்.

கோபத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நோட்டில் அவருக்கு எழுதுங்கள், கேட்க வேண்டியதையெல்லாம், திட்ட வேண்டியதையும். இன்னொரு பக்கத்தில் ஒவ்வொரு அடகு ரசீதின் தேதியையும் போட்டு, அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது, பாஸ்புக்கில் என்ன ஓடியது என்று எதிரில் எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் செலவா, மனைக்குக் கட்டிய தொகையா, ஸ்கூல் பீஸா, வேறு ஏதாவதா? பாதிக்காவது விடை கிடைக்கும். கிடைத்தால் மன்னிக்க வேண்டும் என்றில்லை, மன்னிக்காமல் இருக்க வேண்டும் என்றுமில்லை. தெரியாமல் இருப்பதுதான் உங்களை ராத்திரியில் சுற்ற வைக்கிறது. மனம் தாங்கும் நாளில், பக்கத்தில் அக்காவோ தோழியோ இருக்கும்போது செய்யுங்கள்.

4 மாதத் துக்கத்தை நோய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், இரண்டு வாரமாகச் சாப்பிடவோ எழுந்து நடமாடவோ முடியாமல் போனாலும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அன்றைக்கே பேச வேண்டும் என்றால் மனநல உதவி எண் 14416, அல்லது 104. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருந்து கொடுத்தால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், ஐந்தாம் நாள் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

மகளிடம் "அப்பா சாமிகிட்ட போயிருக்காங்க" என்று சொல்லியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். 8 வயதுக் குழந்தைக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியும். "அப்பாவோட இதயம் நின்னு போச்சு, செத்துப்போயிட்டாங்க. நீ எதுவும் பண்ணதால இல்ல. நான் உன்கூடத்தான் இருக்கேன்" என்று நேரடியாகச் சொல்லலாம். குழந்தைகள் பத்து நிமிடம் அழுது அடுத்த நிமிடம் விளையாடப் போவார்கள், அது அப்பாவை மறந்ததாக ஆகாது. வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கடன் விவரம் அவளுக்கு வேண்டாம்.

பொட்டு உங்கள் நெற்றி, உங்கள் முடிவு. வைத்துக்கொள்ளத் தோன்றினால் வையுங்கள், விளக்கம் தர வேண்டாம். அத்தையின் முகச்சுளிப்பு மனை விஷயத்தைப் போல மறுப்புச் சொல்லித் தீர்க்க வேண்டியது இல்லை, பார்த்துப் பார்த்துப் பழகிவிடுவார். மறுமணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது பயமுறுத்தக்கூடும் என்பதால் சொல்கிறேன்: பிற்காலத்தில் மறுமணம் செய்துகொண்டாலும் கணவர் சொத்தில் வந்த பங்கு உங்களிடமே இருக்கும். பிஎஃப் விதவை பென்ஷன் மட்டும் நின்றுவிடும்.

வேலைக்கு வருவோம். பி.காம் படித்தவருக்குக் கோவையைப் போல வசதியான ஊர் குறைவு. பம்ப், ஃபவுண்டரி, ஜாப் ஆர்டர் எடுக்கும் லேத் பட்டறை, எல்லோருக்கும் பில் போடவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யவும் ஆள் வேண்டும். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி இரண்டையும் இரண்டு மூன்று மாத வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன், உண்மையான பில்களை வைத்து என்ட்ரி போடச் சொல்லித் தருகிறார்களா என்று கேளுங்கள். வெறும் சான்றிதழ் பயன்படாது. அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் ஆதரவற்ற விதவைச் சான்று பற்றி விசாரியுங்கள். அது கோட்டாட்சியர் தருவது, தாசில்தார் தரும் விதவைச் சான்று வேறு. பெண்களுக்கான 30 சதவீத இடத்தில் 10 சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கீடு. வருமான வரம்பு உண்டு என்பதால் விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலையை ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் தேடுங்கள் என்பேன். சம்பளம் குறைவுதான். ஆனால் ஒரே வருடத்தில் இருபது தொழில்களின் கணக்கு கைக்கு வந்துவிடும், 10 வருட இடைவெளியை அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே மாதா மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று வரிக் கெடு நாட்கள் ஓடும். 20 தாண்டிய பிறகு போய்க் கேளுங்கள், அப்போதுதான் உட்கார வைத்துப் பேச அவர்களுக்கு நேரம் இருக்கும். மகள் பள்ளி விட்டு வரும் நேரத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். காலை 10 முதல் 4 வரை, கடைசி நாள் நெருங்கும் இரண்டு மூன்று நாள் மட்டும் கூடுதல் நேரம் என்று பேசினால் ஒத்துக்கொள்ளும் அலுவலகங்கள் இருக்கின்றன.